வில்லன் முதலில் விலங்காக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கங்களில் விலங்குத் தொடர்கதைகள் மறுபடி தலைகாட்டுவது மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் வரும் வில்லன்கள் அடுத்த வாரமே மறந்துபோகிறார்கள். புலியானாலும் நரியானாலும் கழுகானாலும் எல்லாரும் ஒரே ஆள்தான். குகைக்குள் சிம்மாசனம், சுற்றிலும் அடியாட்கள், வாயைத் திறந்தால் "ஹா ஹா ஹா". பழைய சினிமா வில்லனுக்கு மீசையை மழித்து வாலை ஒட்டினால் விலங்குக் கதை ஆகிவிடாது. எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

சொல்ல வருவது இதுதான். விலங்கு வில்லனின் கெடுதல் அவன் உடம்பிலிருந்து கிளம்ப வேண்டும். அந்தக் காட்டின் சட்டத்தோடு அது மோத வேண்டும். கடைசியில் அவனைக் கவிழ்ப்பதும் அதே உடம்பாக இருக்க வேண்டும்.

ஷேர்கானைப் பாருங்கள். கார்ட்டூனில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவன் கம்பீரமான புலி. 1894-இல் வந்த கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்'கில் அவன் பிறவியிலேயே ஒரு கால் நொண்டி. பெற்ற தாயே அவனை 'லங்ரி', அதாவது நொண்டி என்றுதான் கூப்பிட்டாளாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு மானைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் மாடு அடிக்கிறான். மாட்டை இழந்த வைன்கங்கா ஆற்றங்கரை ஊர்க்காரர்களின் கோபத்துக்குப் பயந்து அடுத்த காட்டுக்கு வருகிறான். இனி இந்த ஊர்க்காரர்களுக்கும் கோபம் வரும். புல்லுக்குத் தீ வைப்பார்கள். அப்போது ஷேர்கான் எங்கோ போயிருப்பான், குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓட வேண்டியது நாம்தான் என்று தாய் ஓநாய் புலம்புகிறது. ஒரு நொண்டிக் கால் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் தலையில் எப்படி விடிகிறது பாருங்கள். அவன் ஒரு முறைகூட 'நான் கெட்டவன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தக் காட்டின் சட்டம் மனிதனை அடிக்கக் கூடாது என்கிறது. தன் குட்டிக்கு வேட்டை கற்றுக்கொடுக்கும்போது மட்டும் விலக்கு, அதுவும் தன் கூட்டத்தின் எல்லைக்கு வெளியே. காரணமும் கதையிலேயே இருக்கிறது. ஒரு மனிதன் செத்தால் யானை மேல் துப்பாக்கியோடு ஆட்கள் வருவார்கள். பின்னாலேயே தீப்பந்தமும் மேளமுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். காடு முழுவதும் அவதிப்படும். விலங்குகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு: மனிதன் பலவீனமானவன், அவனை அடிப்பது வேட்டைக்கு அழகில்லையாம். சட்டத்துக்கு உண்மையான காரணம் ஒன்று, வாயால் சொல்லும் காரணம் வேறு. இந்த ஓர் இடத்திலேயே அந்தக் காடு நாம் வாழும் ஊர் மாதிரி ஆகிவிடுகிறது.

அவன் சாகும் இடம் இன்னும் நல்ல பாடம். ஓநாய்கள் வளர்த்த மனிதச் சிறுவன் மோக்லியும் அவனுடைய ஓநாய்த் துணைகளும் எருமை மந்தையை இரண்டாகப் பிரித்து, கடாக்களை ஷேர்கான் படுத்திருக்கும் பள்ளத்தாக்கின் மேல்முனையிலும், பசுக்களையும் கன்றுகளையும் கீழ்முனையிலும் நிறுத்துகிறார்கள். அன்று விடியற்காலையில் ஷேர்கான் ஒரு பன்றியை அடித்துத் தின்று தண்ணீரும் குடித்திருக்கிறான். அந்தச் சிறுவனைப் பழிவாங்க வந்த இடத்திலும் அவனால் ஒரு வேளை பட்டினி கிடக்க முடியவில்லை. பக்கச் சுவர்கள் செங்குத்து. நிறைந்த வயிற்றோடு ஏற முடியாது. மேலிருந்து குளம்புச் சத்தம் வர, கீழ்முனைக்கு ஓடுகிறான். அங்கே கன்றோடு நிற்கும் பசுக்களைப் பார்த்ததும் திரும்பிக் கடாக்களை நோக்கியே ஓடுகிறான். கன்று ஈன்ற பசு எருமையைவிடக் கடா தேவலை என்று புலிக்குத் தெரியும். சாகிற நேரத்திலும் அவன் முட்டாளாகவில்லை, புலியாகவே கணக்குப் போடுகிறான். நம் தொடர்களில் வில்லன் கடைசி வாரத்தில் திடீரென்று மூளை கெட்டுப்போய்ப் பாறையிலிருந்து வழுக்கி விழுகிறானே, அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊனம் ஆட்கொல்லியை உண்டாக்குவது கதைக்காக இட்டுக்கட்டியதும் இல்லை. 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும். பழைய துப்பாக்கிக் காயம் அது, இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்று அவர் எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தின்பது குற்றமில்லை. புலி மானைத் தின்றதற்காக அதை வில்லன் ஆக்கினால், அடுத்த பக்கத்தில் கதாநாயகச் சிறுத்தை என்ன சாப்பிடுகிறது என்று குழந்தை கேட்கும். எழுதுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது: இந்த உலகத்தில் எது பசி, எது பாவம்? கறுப்பு முகக் குரங்குக் கூட்டத்தைப் புதிய ஆண் ஒன்று கைப்பற்றினால், பழைய தலைவனின் கைக்குட்டிகளைக் கொல்வது உண்டு. தார்வாட் காடுகளில் ஜப்பானிய ஆய்வாளர் சுகியாமா 1960-களில் இதைப் பதிவு செய்தார். அது வில்லத்தனமா, இயற்கையா? இரண்டில் எதுவாகவும் எழுதலாம். ஆனால் கதைக்குள் இருக்கும் குரங்குகள் அதை என்னவென்று நினைக்கின்றன என்பதை முதல் சில அத்தியாயங்களிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த வகையில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், புலிக்கும் இல்லை, பாம்புக்கும் இல்லை. ஒரு முயலுக்கு. ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' 1972-இல் வந்தது. அதில் வரும் ஜெனரல் வூன்ட்வோர்ட் என்ற முயலை ஒரு தடவை படித்தவர் மறக்க மாட்டார். முயலை வைத்து யாரைப் பயமுறுத்த முடியும் என்று தோன்றும். ஆடம்ஸ் அதைச் செய்த விதத்தைப் பிரித்துப் பார்த்தால் பயன் உண்டு.

குட்டியாக இருக்கும்போது தகப்பனை ஒரு தோட்டக்காரன் சுட்டுக் கொன்று வளையையும் தோண்டிவிடுகிறான். காயத்தோடு தப்பிய தாயின் பின்னால் ஓடியது இந்த ஒரு குட்டிதான். ரத்த வாடையைப் பிடித்து வந்த மரநாய் இனத்துச் சிறு விலங்கு ஒன்று, புல்லுக்குள் ஒடுங்கிக் கிடந்த குட்டியின் கண் முன்னாலேயே தாயைக் கொன்று, வயிறு நிறைந்ததால் குட்டியை விட்டுப் போகிறது. வயதான பள்ளி ஆசிரியர் ஒருவர் எடுத்துப் பாலூட்டி வளர்க்கிறார். அதாவது ஒரு முயல், முயல்களிடமிருந்து பயத்தைக் கற்றுக்கொள்ளாமலே பெரிதாகிறது. அந்த வீட்டுப் பூனையையே தாக்குகிறது. தப்பிப் போன பிறகு ஒரு நாய்க்குட்டியைக்கூட விரட்டியடிக்கிறது. முயலின் உடம்பில் இருக்க வேண்டிய ஒன்று இவனிடம் இல்லை. அவன் பலமும் குறையும் அதுவே.

பிறகு அவன் கட்டும் ராஜ்யம். அதில் அரியணை இல்லை, கிரீடம் இல்லை. மனிதன் கண்ணிலும் தொற்றுநோயிலும் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அதற்காக முயல்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, தாடைக்கடியிலோ தொடையிலோ முன்காலிலோ ஆழமாகக் கடித்து அடையாளம் போடுகிறார்கள். வடு சாகும்வரை போகாது. எந்தப் பிரிவு எப்போது மேயலாம் என்பதற்கு நேரம் உண்டு. புழுக்கையை மண்ணால் மூட வேண்டும். எல்லைக்கு வெளியே ரோந்து. எல்லாமே முயல் செய்யக்கூடிய காரியங்கள்: கடிப்பது, மேய்வது, கழிப்பது, தோண்டுவது. சாட்டையும் சங்கிலியும் தேவைப்படவில்லை.

நெரிசலில் பெண் முயல்களின் கரு வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோகிறது. அதற்கும் விலங்கியல் ஆதாரம் உண்டு. ஆர். எம். லாக்லி 1964-இல் எழுதிய முயல்களைப் பற்றிய நூலிலிருந்து ஆடம்ஸ் எடுத்துக்கொண்ட செய்தி அது. ஆட்சி சரியில்லை என்று எந்த முயலும் மேடையேறிப் பேசவில்லை. குட்டி பிறக்கவில்லை, அவ்வளவுதான். பயந்து கட்டிய பாதுகாப்பே இனத்தை அழிக்கிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

அவனை எப்போது காட்டுகிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நூலில் 50 அத்தியாயங்கள். வூன்ட்வோர்ட் நேரில் வருவது, அவன் பெயரையே தலைப்பாகக் கொண்ட 34-ஆவதில். 27-ஆவதிலேயே தப்பி வந்த முயல் ஒன்று அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறது.  வில்லனைப் பார்க்கும் முன்பே அவன் போடும் வடுக்களைப் பற்றிக் கேட்டாகிவிட்டது. தொடர்கதைக்கு இது நேராகப் பொருந்தும். 12 வாரத் தொடர் என்றால் முதல் 4 வாரம் அவன் வரவே வேண்டாம். காலியான கூடு, குறுக்கே போகாமல் எல்லாரும் சுற்றிப் போகும் ஒரு மரம், பெயர் சொன்னதும் நின்றுபோகும் பேச்சு, இவை போதும்.

நொண்டிக் காலோடு வந்த எதிர்த்தரப்புத் தலைவன் சமாதானம் பேசுகிறான்: சண்டை வேண்டாம், இரு வளைகளுக்கும் நடுவே சேர்ந்து ஒரு வளை கட்டலாம். வூன்ட்வோர்ட் ஒரு கணம் அதை உண்மையிலேயே யோசிக்கிறான். பிறகு மறுக்கிறான். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பயம் தந்த இடம் இதுதான். நல்லவனாகும் கதவு திறந்திருந்தது, அவனுக்கும் தெரிந்தது. அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் தெரிந்தே செய்வது.

முடிவுக்கு வருவோம். சுரங்கப் பாதையில் மண்ணுக்கடியில் பதுங்கியிருந்த பிக்விக் என்ற முயல் அவன் காலைக் கவ்விச் சண்டை போட்டு, 'இந்த வழியைக் காக்கச் சொல்லி எங்கள் தலைவர் உத்தரவு' என்கிறது. இவ்வளவு பெரிய முயலுக்கும் மேலே ஒரு தலைவன் என்றால் அவன் எவ்வளவு பெரியவனாக இருப்பான் என்று வூன்ட்வோர்ட் கலங்குகிறான். உண்மையான தலைவன் அந்த நொண்டி முயல். உருவமே அதிகாரம் என்ற அவன் நம்பிக்கை அவனையே ஏமாற்றுகிறது. வெளியே, கயிறு கடித்து அவிழ்த்துவிடப்பட்ட பண்ணை நாய் பாய்ந்து வருகிறது. எல்லாரும் ஓட, அவன் மட்டும் 'திரும்பி வாருங்கள், நாய் ஒன்றும் ஆபத்தில்லை' என்று கத்தி அதன் மேல் பாய்கிறான். குட்டியில் கற்றுக்கொள்ளாத அந்தப் பயம் இப்போது கணக்குத் தீர்க்கிறது. உடல் அகப்படுவதில்லை. பிற்காலத்தில் தாய் முயல்கள் சொன்ன பேச்சுக் கேட்காத குட்டிகளிடம் ஜெனரல் வந்து பிடித்துக்கொள்வார் என்கின்றன. நம் ஊர்ப் பூச்சாண்டிதான்.

பலம் இல்லாத வில்லனும் உண்டு, அவனுக்கு நாம் வெளியே தேட வேண்டாம். பஞ்சதந்திரத்து நரி தமனகன் போதும். தாண்டவராய முதலியார் 1826-இலேயே அதைத் தமிழ் உரைநடையில் தந்துவிட்டார். எருது சஞ்சீவகனின் முழக்கத்தைக் கேட்டுச் சிங்கம் தண்ணீர் குடிக்காமல் திரும்பியதைக் கவனித்ததுதான் அவன் முதல் வேலை. பிறகு இருவரையும் நண்பர்களாக்கி, தன் பிழைப்பு போனதும் பிரிக்கிறான். பிரிக்கும் முறையைப் பாருங்கள். எருது உங்களைத் தாக்க வரும்போது இப்படி நிற்கும் என்று சிங்கத்திடம் சொல்கிறான். சிங்கம் கொல்ல நினைக்கும்போது இப்படிப் பார்க்கும் என்று எருதிடம் சொல்கிறான். பயந்த இரண்டும் எச்சரிக்கையாக நின்று பார்க்க, அவன் சொன்ன அடையாளம் இரண்டிலும் தெரிகிறது. பொய் தானாகவே மெய்யாகிவிடுகிறது. எருது சாக, தமனகன் அமைச்சனாகவே இருக்கிறான். 8-ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய இப்னு அல்முகஃபா இதைத் தாங்க முடியாமல் நரிக்கு விசாரணையும் தண்டனையும் சேர்த்தார். எனக்கு என்னவோ நம் கதையின் முடிவுதான் பிடிக்கிறது.

நீண்ட தொடரில் வரும் சிக்கல் வேறு. முதல் புத்தகத்திலேயே வில்லன் மலையளவு பலசாலி என்றால் இரண்டாவதில் இரண்டு மலை வேண்டும். 2003-இல் தொடங்கிய 'வாரியர்ஸ்' பூனைத் தொடரின் முதல் ஆறு நூல்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டின. எரின் ஹன்டர் என்ற ஒரே புனைபெயரில் பலர் சேர்ந்து எழுதும் தொடர் அது. டைகர்க்ளா என்ற பூனைக்கு நூலுக்கு நூல் பலம் கூடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. முதலில் மதிப்புள்ள போர்வீரன், கொலையை மறைத்தவன். மூன்றாம் நூலில் அம்பலப்பட்டுத் துரத்தப்படுகிறான். கொல்லப்படுவதில்லை. நான்காவது முடிவதற்குள் பக்கத்துக் கூட்டத்துக்குத் தலைவன். ஐந்தாவதில் தன் பழைய கூட்டத்தின் இருப்பிடத்துக்குச் செத்த முயல்களை வரிசையாகப் போட்டு நாய்க் கூட்டத்துக்கு வழிகாட்டுகிறான். நாய்களுக்குப் பூனை ரத்தம் பழகட்டும் என்று ஒரு பூனையையும் கொன்று போடுகிறான். ஆறாவதில், நகத்தில் நாய்ப்பல் பொருத்திய சின்னக் கறுப்புப் பூனை ஒரே கீறலில் அவனைச் சாய்க்கிறது. தலைவனுக்கு ஒன்பது உயிர் என்பது அவர்கள் உலக விதி. ஒன்பதும் ஒரே காயத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. பின்னால் வந்த நூல்களில் அவனை ஆவியாக்கித் திரும்பத் திரும்ப அழைத்து வந்ததில் பாதிப் பயம் போய்விட்டது என்பது என் கட்சி.

இனத்தையே குற்றவாளி ஆக்குவது இன்னொரு சறுக்கல். 1986-இல் தொடங்கி 22 நாவல்கள் வரை போன 'ரெட்வால்' தொடரில் பெரிய எலி, நரி, மரநாய் போன்ற இனத்தவை பிறவிக் கெட்டவை. அதை எழுதிய பிரையன் ஜேக்ஸ், பால் போடப் போன லிவர்பூல் பார்வையற்றோர் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கிய கதை அது. அதனால்தானோ என்னவோ சாப்பாடும் சத்தமும் அவ்வளவு துல்லியம். ஆனால் நாலைந்து புத்தகம் படித்ததும் யார் கெட்டவன் என்பதை அட்டைப்படமே சொல்லிவிடுகிறது. நாமும் ஆந்தை, காக்கை, கழுதைப்புலி, பிணந்தின்னிக் கழுகு என்று அதே வரிசையை எடுக்கிறோம். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்தால் அந்தக் கழுகுகளில் பெரும்பாலானவை அழிந்து, 2006-இல் அதற்குத் தடை வந்தது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றுக்கு வில்லன் பட்டமும் வேண்டாமே.

குறை சொல்லியே விட்டுவிடாமல் ஒரு மாதிரி தருகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். களம் டெல்டாவில் ஒரு வயல் வரப்பு. வில்லன் ஒரு கிழட்டு வயல் எலி. எலியின் முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் உரசித்தான் தேயும். ஒரு மேல்பல் உடைந்தால் எதிரே உள்ள கீழ்ப்பல் தேயாமல் நீண்டு வளைந்துவிடும், கடினமான எதையும் கொறிக்க முடியாது. இவனுக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. நெல்லை உரிக்க முடியாது. ஆகவே மற்ற எலிகள் உரித்து நொய்யாக்கித் தர வேண்டும். அதற்கு எல்லாக் கதிரும் ஒரே களஞ்சிய வளைக்கு வர வேண்டும். அதற்கு யாரும் தனி வளை தோண்டக் கூடாது. சட்டம் ஒவ்வொன்றும் அந்த ஒரு பல்லிலிருந்து முளைக்கிறது.

பெயர் 'கொடூரன்' வேண்டாம். வூன்ட்வோர்ட் என்பதே காயத்துக்குப் போடும் ஒரு மூலிகையின் பெயர். இவனை எல்லாரும் 'பெரியப்பா' என்று கூப்பிடட்டும். மிரட்டலும் வேண்டாம்:

"பெரியப்பா, தம்பிக்குப் பசிக்குது."

"பாவம். உமி எல்லாம் நீக்கியாச்சா?"

"ஆச்சு."

"ஒண்ணு விடாம?"

குட்டி பதில் சொல்லாமல் திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்து உரிக்கிறது. அத்தியாயம் அங்கே முடியட்டும். தொலைவில் பெரியப்பா வாயை மூடியே மெல்லும் சத்தம் மட்டும் கேட்கட்டும். அவர் எதையும் கடித்து யாரும் பார்த்ததில்லை என்பதை மூன்றாம் வாரத்தில் ஒரு குட்டி போகிறபோக்கில் சொன்னால் போதும், விளக்கக் கூடாது.

வயல் எலி வளை வாயை உள்ளிருந்து மண் வைத்து அடைக்கும் பழக்கம் உள்ளது. கடைசிக்கு முந்திய வாரம், யாரும் கதிரோடு ஓடிவிடக் கூடாது என்று எல்லா வாயையும் அடைக்கச் சொல்லிப் பெரியப்பா களஞ்சியத்தில் தனியாகப் படுத்திருக்கிறார். விடியற்காலையில் நடவுக்காக வயலில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். வெளியே வர அடைத்த மண்ணைக் கடித்துப் பெயர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறார் கதை வாசகர்,
தஞ்சாவூர்.